பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்: விதிகள், கருவி, பயிற்சி – நம் பெற்றோர் அறிய வேண்டியவை

2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலம் வென்றார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம். அதே கலப்புப் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகேச், ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி சாதாரணக் கண்ணாடியோடு நின்று சுட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கைபேசிகளிலும் அது வந்து சேர்ந்தது. அதன் பிறகு காங்கேயம், தாராபுரம், திருப்பூர் வட்டாரங்களில் பிள்ளைகள் இந்த விளையாட்டைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோர் எங்களிடம் வந்து கேட்பது இரண்டே கேள்விதான்: "ஹஜ்ரத், இது மார்க்கத்துல கூடுங்களா? நாளைக்கு ஏதாவது வம்பு வந்துருமுங்களா?"

இரண்டாவது கேள்வியை நாம் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1998க்குப் பிறகு கோவை வட்டாரத்தில் பிள்ளை வளர்த்த ஓர் அத்தாவுக்கு, தன் மகனின் பெயரும் துப்பாக்கி என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தாலே வயிறு கலங்கும். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பயம் தீர வேண்டுமானால் அந்த விளையாட்டு என்ன, அதன் சட்டம் என்ன, அங்கே பிள்ளை உண்மையில் என்ன செய்யப்போகிறது என்று தெரிய வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

மார்க்கம் என்ன சொல்கிறது

குறிபார்த்து எய்வது நம் மார்க்கத்தில் வெறுக்கப்பட்ட பொழுதுபோக்கு அல்ல. ஆர்வமூட்டப்பட்ட சில விளையாட்டுகளில் ஒன்று. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்து உற்சாகப்படுத்திய செய்தியை ஸலமா பின் அல்அக்வஉ (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நபியவர்கள் ஓர் அணியுடன் இருப்பதாகச் சொன்னதும் எதிரணி கையை இறக்கிவிட்டது. காரணம் கேட்டறிந்த பிறகு, இரு அணியோடும் தாம் இருப்பதாகச் சொல்லி, தொடர்ந்து எய்யச் சொன்னார்கள். விளையாட்டில் நடுநிலை என்றால் என்ன என்பதற்கு இதைவிட அழகான நிகழ்வு நமக்குத் தெரியாது.

அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆவது வசனத்தில் வரும் பலம் என்ற சொல்லுக்கு எய்தலையே நபியவர்கள் விளக்கமாகச் சொன்ன ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இதைச் சிலர் மேடையில் இஷ்டத்துக்குப் பேசுகிறார்கள். அந்த வசனம் ஓர் அரசும் சமூகமும் தன்னைக் காத்துக்கொள்வது பற்றியது. தெருவில் போகும் தனிமனிதன் ஆயுதம் தூக்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. பிள்ளையின் விளையாட்டுக்கு அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: குறி தவறாத கை ஒரு மதிப்புள்ள திறமை.

ஆயுதத்தைக் கையாளும் ஒழுக்கத்தைப் பற்றியும் ஹதீஸ்கள் விரிவாகப் பேசுகின்றன. அம்புகளோடு பள்ளிவாசலுக்குள் வந்தவரிடம் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளும்படி நபியவர்கள் சொன்னார்கள். உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். சகோதரனை நோக்கி, விளையாட்டுக்காகக்கூட ஆயுதத்தை நீட்டக் கூடாது என்று எச்சரித்தார்கள். உயிருள்ள பிராணியைக் குறியிலக்காக வைப்பதைத் தடை செய்தார்கள். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு ரேஞ்சுக்குள் போய்ப் பாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் விதிகள் அந்நியமாகத் தெரியாது.

விளையாட்டும் விதிகளும்

சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளே இங்கும் பின்பற்றப்படுகின்றன. சுடுபவர் நிற்கும் கோட்டுக்கும் இலக்குக்கும் இடையே 10 மீட்டர்; நம்மூர் அரிசி ஆலைக் களத்தில் இதைவிட நீளமாக நெல் காயும். இலக்கின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கும். பத்துப் புள்ளிக்கான நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதைச் சுற்றி 8 மில்லிமீட்டருக்கு ஒரு வளையமாக மதிப்பு குறைந்துகொண்டே போகும்.

தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். மின்னணு இலக்கு என்றால் 75 நிமிடம், காகித இலக்கு என்றால் 90 நிமிடம். அதற்கு முன் 15 நிமிடம் தயாரிப்புக்கும் கணக்கில் சேராத ஒத்திகைச் சுடுதலுக்கும். முழு மதிப்பெண் 600. பாரிஸில் மனு பாக்கர் தகுதிச் சுற்றில் எடுத்தது 580. முன்பு பெண்களுக்கு 40 குண்டுகள்தான். 2018 முதல் ஆண்களுக்குச் சமமாக 60 ஆனது.

முதல் எட்டுப் பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். அங்கே எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். மதிப்பெண்ணும் தசமத்தில் வரும். ஒரு குண்டுக்கு உச்சம் 10.9. பத்துக் குண்டுகளுக்குப் பிறகு ஒவ்வொன்றாக, கட்டளைக்குக் கட்டளை சுட வேண்டும். பன்னிரண்டாவது குண்டு முடிந்ததும் கடைசி இடத்தில் இருப்பவர் வெளியேறுவார். பிறகு இரண்டு குண்டுக்கு ஒருவராக வெளியேற, 24ஆவது குண்டில் தங்கம் முடிவாகும். மனு பாக்கரின் 221.7 என்பது 22 குண்டுகளின் கூட்டுத்தொகை. வகுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் சராசரியாகப் பத்துக்கு மேல்.

ஒரே கையால் சுட வேண்டும். மணிக்கட்டுக்கு எந்த ஆதாரமும் இருக்கக் கூடாது. சுடும் கையில் கடிகாரம், வளையல், பட்டை எதுவும் கூடாது. கணுக்காலை மூடும் காலணி கூடாது. ராணுவ உடை போன்ற பச்சைப் புள்ளித் துணியும் கூடாது. அத்தாமார் கவனிக்க: அந்த மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுக்க ஆசைப்படும் பையனுக்கு விளையாட்டே தடை சொல்கிறது.

25 மீட்டர் பிரிவுகளும் இருக்கின்றன. அவற்றில் .22 தோட்டா பயன்படும். ரேபிட் ஃபயர் என்ற வகையில் ஐந்து இலக்குகளை முதலில் 8 விநாடியிலும், பிறகு 6 விநாடியிலும், கடைசியில் 4 விநாடியிலும் சுட்டு முடிக்க வேண்டும். ஹிமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் விஜய் குமார் 2012 லண்டனில் வெள்ளி வென்றது இதில்தான்.

‘பிராக்டிகல்’ வகை பற்றி

யூடியூபில் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் வேறொன்று: இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, ஓடிக்கொண்டே பல இலக்குகளைச் சுடுவது. அதற்குப் பிராக்டிகல் ஷூட்டிங் என்று பெயர். அதன் சர்வதேச அமைப்பு 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. ஜெஃப் கூப்பர் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் மூன்றையும் சேர்த்து அளப்பது அதன் நோக்கம். எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள். 12 விநாடியில் 60 புள்ளி என்றால் 5. இலக்கைத் தவறவிட்டாலோ சுடக் கூடாத இலக்கைச் சுட்டாலோ பத்துப் புள்ளி போய்விடும்.

படத்தில் தெரியாத விஷயம் என்னவென்றால், ஓட்டமும் வேகமும் நிறைந்த அந்த விளையாட்டில்தான் பாதுகாப்பு விதி மிகக் கடுமை. குழல் அனுமதித்த கோணத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் திரும்பினாலும், நகரும்போது விரல் விசையின் மேல் இருந்தாலும், துப்பாக்கி கை தவறி விழுந்தாலும் அந்தப் போட்டியே முடிந்தது. எச்சரிக்கை, இரண்டாவது வாய்ப்பு எல்லாம் கிடையாது.

அந்த விளையாட்டில் பரவலாகப் பயன்படும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். ஆகவே காங்கேயத்துப் பிள்ளைக்கு இந்த வகை கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். திறந்திருக்கும் கதவு ஏர் பிஸ்டல்.

கருவி

ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பெல்லட் என்று சொல்லப்படும் இந்தக் குண்டின் முனை தட்டையாக இருக்கும், காகிதத்தில் வட்டமாகத் துளை விழுவதற்காக. துப்பாக்கியின் எடை 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலானவை ஒரு கிலோவையொட்டி இருக்கும். விசையை அழுத்தக் குறைந்தது 500 கிராம் விசை தேவைப்பட வேண்டும். போட்டிக்கு முன் எடைக்கல் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். முழுத் துப்பாக்கியும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். தொலைநோக்கி, லேசர் எதுவும் கூடாது. முன்னால் ஒரு குறி, பின்னால் பள்ளம் வெட்டிய ஒரு குறி, அவ்வளவுதான்.

ஸ்டெயர், மொரினி, வால்தர், பர்தினி, ஃபைன்வெர்க்பௌ ஆகியவை போட்டிகளில் அதிகம் காணப்படும் பெயர்கள். எல்லாம் ஐரோப்பியத் தயாரிப்பு. இங்கே வந்து சேரும்போது லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். இதைக் கேட்டதும் பல குடும்பங்கள் பின்வாங்கிவிடுகின்றன. அவசரப்பட வேண்டாம். முதல் ஓராண்டுக்குக் கிளப்பின் துப்பாக்கியே போதும். பிடியின் அளவு கைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் தொடக்கத்தில் முக்கியம். வளரும் பிள்ளையின் உள்ளங்கை ஆறு மாதத்தில் மாறிவிடும். அதற்குள் மரப்பிடி போட்ட விலை உயர்ந்த துப்பாக்கியை வாங்கி வைப்பது பெருநாள் சட்டையை ஒரு வருடம் முன்னதாகத் தைத்து வைப்பது போல.

விலை உயர்ந்த கருவியும் கைவிடும். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் நேரம் கரைந்தது. 12ஆவது இடத்தோடு வெளியேறினார். மூன்று ஆண்டு கழித்துத்தான் பாரிஸ்.

பயிற்சியில் என்ன நடக்கும்

முதல் நாளே சுடலாம் என்று போகும் பிள்ளை ஏமாந்து போகும். முதல் வாரங்கள் நிற்பதிலும், கையை நீட்டிப் பிடிப்பதிலும், குண்டில்லாமல் விசையை அழுத்திப் பழகுவதிலும் கழியும். வெள்ளைச் சுவரை நோக்கி நின்று, இலக்கே இல்லாமல், முன்குறி பின்குறிப் பள்ளத்தில் அசையாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்வார்கள். பெற்றோருக்கு இது காசு வாங்கிக்கொண்டு சும்மா நிற்கவைப்பது போலத் தெரியும்.

கணக்கு சொன்னால் புரியும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கை முழுவதும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும், பத்து தப்பாது. ஆனால் மணிக்கட்டு லேசாகச் சாய்ந்து, முன்குறி மட்டும் பள்ளத்துக்குள் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் அது 30 மில்லிமீட்டராகிவிடும். பத்து ஏழாகும். அதனால்தான் கண் இலக்கைப் பார்க்கக் கூடாது, முன்குறியைப் பார்க்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் தலைப்பாடாகச் சொல்கிறார்கள். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் சரியாக நிற்கிறோம் என்று பொருள்.

விசையை மெல்ல, ஒரே சீராக அழுத்த வேண்டும். ‘இப்போது’ என்று தீர்மானித்து இழுத்தால் கை துள்ளும். குண்டு போன பிறகும் ஒன்றிரண்டு விநாடி கையை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கடினமான பாடம் சுடாமல் இறக்குவது. கையை உயர்த்தி, மூச்சை நிறுத்தி, எட்டுப் பத்து விநாடிக்குள் மனம் அமையவில்லை என்றால் கையை இறக்கிவிட வேண்டும். 75 நிமிடத்தில் 60 குண்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் நிமிடம் இருக்கிறது; இறக்கி மறுபடி ஏற்ற நேரம் உண்டு. புதிதாக வருபவர்கள் இறக்குவதில்லை. கை வலிக்கிறது, பக்கத்தில் இருப்பவன் சுட்டுவிட்டான், எப்படியாவது போகட்டும் என்று அழுத்திவிடுவார்கள். அந்தக் குண்டுதான் ஆறில் போய் விழும். கோபம் வரும்போது தன்னை அடக்குபவனே பலசாலி என்ற நபிமொழியை மிம்பரில் எத்தனையோ முறை நாம் சொல்லியிருக்கிறோம். அதை வலது கையால் நாளுக்கு அறுபது தடவை பழகும் இடம் ஒன்று இருக்கிறது என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டிப் பிடித்துப் பழகலாம். முதுகு, வயிற்றுத் தசைக்கான பயிற்சியும் நடையும் உதவும். ரமலானில் பயிற்சியை முழுக்க விட வேண்டியதில்லை. சுவர்ப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு குண்டுப் பயிற்சியைத் தராவீஹுக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்து விஷயத்தில் கவனம் தேவை. பீட்டா பிளாக்கர் எனப்படும் இரத்த அழுத்த மருந்துகள் கை நடுக்கத்தைக் குறைக்கும் என்பதால் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு இரண்டு பதக்கங்களை இழந்தது இதனால்தான். தாத்தாவின் மாத்திரையை ‘பதற்றம் குறையும்’ என்று பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகள்

ரைபிள் பிரிவில் தடித்த இறுக்கமான ஜாக்கெட் உண்டு. பிஸ்டலில் அது இல்லை. தளர்வான முழுக்கை உடையும் தலைமறைப்பும் போதும். ஈரானியப் பெண்கள் ஒலிம்பிக்கில் தலைமறைப்போடுதான் சுடுகிறார்கள். மலேசியாவின் நூர் சூர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டனில் ஏர் ரைபிள் போட்டியில் நின்றார். மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும் என்ற விதி சிலருக்குத் தயக்கம் தரலாம். கை மணிக்கட்டு வரை அவ்ரத்தில் சேராது என்பதே பெரும்பான்மை இமாம்களின் கருத்து. சட்டைக் கை மணிக்கட்டில் முடிந்தால் மார்க்கத்துக்கும் நடுவருக்கும் சரியாக இருக்கும். பயிற்றுநர் யார், மற்ற பெண் பிள்ளைகள் எந்த நேரத்தில் வருகிறார்கள் என்பதை அம்மாவோ அத்தாவோ நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.

பரிசுப் பணம்

அம்பெய்தல், ஒட்டகப் பந்தயம், குதிரைப் பந்தயம் மூன்றிலும் பரிசு வைப்பதை ஹதீஸ் அனுமதிக்கிறது. சுடுதலை அறிஞர்கள் அம்பெய்தலோடு சேர்க்கிறார்கள். அரசோ சங்கமோ புரவலரோ தரும் பரிசில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் தடை இல்லை. போட்டியாளர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, வென்றவன் மொத்தத்தையும் அள்ளிக்கொள்வது சூதாட்டம். நுழைவுக் கட்டணம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது இலக்கு, மின்சாரம், நடுவர் செலவுக்குப் போனால் பிரச்சனை இல்லை. கட்டணத்தைத் திரட்டி அதையே பரிசாகப் பிரிப்பதாக இருந்தால் விலகிக்கொள்ள வேண்டும். சிறு கிளப்புகளின் நட்புப் போட்டிகளில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இதை ஆள்கின்றன. 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல்களின் ஆற்றல் இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தோட்டாத் துப்பாக்கி வேறு கதை: உரிமம் வேண்டும், 21 வயது நிறைய வேண்டும். அதற்குக் கீழ் இருப்பவர்கள் விதிகளின்படி பயிற்சியின்போது பயன்படுத்தலாமே தவிரச் சொந்தமாக வைத்திருக்க முடியாது.

உரிமம் தேவையில்லை என்பதால் எப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. அடையாளச் சான்று கொடுத்து, பில்லோடு, முறையான கடையில் வாங்குங்கள். இணையத்தில் முகம் தெரியாதவரிடம் பழையது வாங்க வேண்டாம். பில்லின் நகலும் கிளப் உறுப்பினர் அட்டையும் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பேருந்தில் போகும்போது பூட்டிய பெட்டி. வேடிக்கைக்குக்கூடத் திறக்கக் கூடாது. கையில் பிஸ்டலோடு படம் எடுத்து வாட்ஸ்அப் நிலைத்தகவலாக வைப்பதை அடியோடு தடுத்துவிடுங்கள். மற்ற சமூகத்துப் பிள்ளை வைத்தால் பொழுதுபோக்கு, நம் பிள்ளை வைத்தால் விசாரணை என்ற நிலை நியாயமில்லைதான். ஆனால் அந்த அநியாயத்தைச் சோதித்துப் பார்க்க நம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். இலக்குக் காகிதத்தைப் படம் எடுத்துப் போடட்டும். உண்மையில் பெருமைப்பட வேண்டியது அதுதான்.

தோட்டத்தில் கவுதாரியையும் புறாவையும் குறிவைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி வழக்காகும். உயிருள்ளதை இலக்காக்கும் ஹதீஸ் எச்சரிக்கையை மேலே சொன்னோம்.

எங்கே தொடங்குவது

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதன் கீழ் மாநிலச் சங்கமும் அதனோடு இணைந்த கிளப்புகளும் இயங்குகின்றன. நமக்கு அருகில் கோவை ரைபிள் கிளப். பள்ளியில் தேசிய மாணவர் படை இருந்தால் அதில் சேர்வது செலவில்லாத வழி. அங்கே ரைபிள் சுடும் பயிற்சி உண்டு. சென்னை வேளச்சேரி குருநானக் கல்லூரி ரேஞ்சில்தான் 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளின் சுடுதல் போட்டி நடந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளிலும், பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிரிவிலும் பாரிஸ் வரை போனார்கள். பிஸ்டலில் நம் மாநிலத்துக்கு இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.

கிளப்புக்கு முதல் முறை போகும்போது கேட்க வேண்டியவை: மாநிலச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, கிளப் துப்பாக்கி கிடைக்குமா, பெல்லட் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா தனியா, ஜும்ஆ நேரத்தில் பயிற்சி வருமா. போட்டிகளில் ஆட்களைப் பல சுற்றுகளாகப் பிரித்து நேரம் ஒதுக்குவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் காலைச் சுற்று வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, புகைப்படம் கொண்டு போங்கள். பெல்லட் ஈயத்தால் ஆனது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.